முன்கற்றலும் பல்கலைக்கழக ஏற்பும்: சிவகங்கைச் சீமையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி, கல்லூரி ஆகியவற்றுக்கு வெளியே ஒருவர் பெற்ற அறிவையும் பட்டறிவையும் மதிப்பிட்டு, அதற்குத் தரப்புள்ளியோ பட்டத்தகுதியோ வழங்குவது 'முன்கற்றல் ஏற்பு' எனப்படுகிறது. இந்திய உயர்கல்வியில் இது புதிய சிந்தனையாகவே பேசப்படுகிறது. எனினும், தமிழகப் பல்கலைக்கழகங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டே இச்சிக்கலை எதிர்கொண்டு, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தீர்வுகளைக் கண்டுள்ளன. காளையார்கோவிலை உள்ளடக்கிய சிவகங்கைச் சீமையிலும் அதனை ஒட்டிய செட்டிநாட்டுப் பகுதியிலும் தோன்றிய அறிஞர் சிலரின் கல்வி வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, அத்தீர்வுகளின் இயல்பையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பணியளித்தல், தேர்வு வழித் தகுதியளித்தல், நுழைவுரிமையளித்தல் என்னும் மூன்றும் வெவ்வேறானவை என்பதும், இவற்றுள் தேர்வு வழி ஏற்பே நிலைத்த பயன் தந்தது என்பதும் இதன் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: முன்கற்றல் ஏற்பு, தரப்புள்ளி, வித்துவான் தேர்வு, பண்டிதமணி மு. கதிரேசனார், வ.சுப. மாணிக்கம், திறந்தநிலைக் கல்வி, சிவகங்கை.

முன்னுரை

கல்வி என்பது கற்றதா, கற்ற இடமா என்னும் வினா பல்கலைக்கழகம் என்ற அமைப்போடு உடன்பிறந்தது. ஒருவர் இன்ன கல்லூரியில் இத்தனை ஆண்டுகள் பயின்றார் என்பதைச் சான்றளிப்பது எளிது. அவர் இன்னது அறிவார் என்பதைச் சான்றளிப்பது அரிது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் கல்லூரியில் பயிலாதோரும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி திறந்தது. அமெரிக்காவில் 1967 முதல் கல்லூரிப் பாடங்களுக்கு நேரடித் தேர்வெழுதித் தரப்புள்ளி பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. பிரான்சு நாட்டின் 2002ஆம் ஆண்டுச் சட்டம், பணிப்பட்டறிவை மதிப்பிட்டு முழுப் பட்டத்தையே வழங்கலாம் என்ற நிலைவரை சென்றது.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின்னரே இப்பேச்சு வலுப்பெற்றது. ஆயினும், முன்கற்றலை மேலைநாட்டு இறக்குமதியாக மட்டும் காண்பது தமிழகக் கல்வி வரலாற்றின் ஒரு பகுதியை மறைத்துவிடும். தமிழ்த்துறைகள் பலவற்றைக் கட்டியெழுப்பியவர்களுள் கணிசமானோர் வழக்கமான பட்டப்படிப்பின் வழி வந்தவர் அல்லர். அவர்களைப் பல்கலைக்கழகம் எவ்வாறு உள்வாங்கியது என்பதே இக்கட்டுரையின் மைய வினா.

காளையார்கோவிலும் ஏட்டுக்கு அப்பாற்பட்ட கல்வியும்

இன்று சிவகங்கை மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்றாக விளங்கும் காளையார்கோவில், சங்க இலக்கியத்தில் கானப்பேர் என அறியப்படும் தொன்மையான ஊர். வேங்கைமார்பனிடமிருந்து கானப்பேரெயிலை உக்கிரப்பெருவழுதி கைப்பற்றிய செய்தியைப் புறநானூறு தருகிறது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கானப்பேர் இதுவே. 1772இல் முத்துவடுகநாதர் போரில் வீழ்ந்ததும், 1801இல் மருதிருவரின் போராட்டம் மையம் கொண்டதும் இவ்வூரிலேயே.

இத்தகைய கோயிலூர்களில் கல்வி பல தொழில்களில் பரவிக் கிடந்தது. பண்ணறிந்து பதிகம் பாடும் ஓதுவார், அளவு நூல் அறிந்த தபதி, சுதை வேலைக் கொத்தனார், ஏடு படிக்கும் புலவர், நாள் கணிக்கும் கணியர் என ஒவ்வொருவரும் நெடுங்காலப் பயிற்சியால் உருவானவர். ஆசிரியரின் ஒப்புதலும் அவையின் ஒப்புதலுமே அவர்களின் சான்றிதழ். புலவர் ஒருவர் தம் நூலைக் கற்றோர் அவையில் அரங்கேற்றி, எழும் தடைகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். அறிவு எங்குப் பெறப்பட்டது என்று அவை கேட்பதில்லை. இருக்கிறதா என்றே கேட்கும்.

இம்முறையைப் புனைந்துயர்த்துதல் வேண்டா. அவைக்குள் யார் நுழையலாம் என்பதைச் சாதியும் பாலினமும் பெரும்பாலும் முடிவு செய்தன. புரவலரின் விருப்பு வெறுப்புக்கும் அங்கு இடமிருந்தது. பொதுத் தேர்வு என்னும் புதுமை பின்னர் வரவேற்கப்பட்டதற்கு இக்குறைகளும் காரணமாகும்.

பணியளித்தல் என்னும் ஏற்பு

அரசுக் கல்லூரிகள் தோன்றியபோது தமிழாசிரியர் பணிக்குப் பட்டதாரிகள் கிடைக்கவில்லை. தமிழுக்கெனத் தனிப் பட்டமே அப்போது வேரூன்றியிருக்கவில்லை. எனவே கல்லூரிகள் மரபுவழிப் புலவர்களை நாடின. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அவர் ஓய்வு பெற்றபோது, அதே ஆசிரியரிடம் பயின்ற உ.வே. சாமிநாதையரைத் தம் இடத்திற்குப் பரிந்துரைத்தார். 1880இல் உ.வே.சா. அப்பணியில் அமர்ந்தார். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. கல்லூரியினரின் வினாக்களுக்கு விடையிறுத்துத் தம் புலமையை மெய்ப்பித்த பின்னரே பணி கிடைத்தது.

இங்கு இரண்டு கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, பரிந்துரைத்தவர் அத்துறையில் முழுத் தேர்ச்சி உடையவர். மற்றொன்று, பரிந்துரையோடு நில்லாமல் நேரடிச் சோதனையும் நடந்தது. எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. அது ஒருவருக்குப் பணியைத் தந்தது, தகுதியைத் தரவில்லை. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் உ.வே.சா.வுக்கு அளித்த இலக்கிய முனைவர் பட்டம் அவர்தம் பதிப்புப் பணிக்கான மதிப்புறு பட்டமே ஆகும். அவ்வகைச் சிறப்பு ஒரு சிலருக்கே வாய்க்கும். அதனைப் பின்பற்றி ஊரகப் புலவர் நூற்றுவர் மேலேற இயலாது.

தேர்வு வழி ஏற்பு: சங்கமும் வித்துவான் பட்டமும்

தனியொருவரின் பரிந்துரையை நம்பியிருந்த நிலையை மாற்றியது பொதுத் தேர்வு. 1901இல் பாண்டித்துரைத் தேவரின் முயற்சியால் நிறுவப்பட்ட மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிநிலைத் தேர்வுகளை நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழகம் கீழ்த்திசை மொழிகளுக்கெனப் பட்டயத் தேர்வுகளை அமைத்தபோது தமிழுக்கு 'வித்துவான்' தேர்வு உருவாயிற்று. கல்லூரியில் சேராமல் தனித் தேர்வராகவும் இதனை எழுத முடிந்தது. அதற்கு மேல் கீழ்த்திசைக் கல்விக்குரிய இளநிலைப் பட்டமான பி.ஓ.எல்., முதுநிலைப் பட்டமான எம்.ஓ.எல். ஆகியன படிகளாக அமைந்தன.

இப்படிக்கட்டின் பயனை மு. வரதராசனார் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. வட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவர், தனியே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் தேறினார். பின்னர் பி.ஓ.எல்., எம்.ஓ.எல். முடித்து 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். அப்பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

ஈழத்தவரான விபுலாநந்த அடிகள் இவ்விரு உலகங்களையும் இணைத்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் இளநிலைத் தேர்விலும் அவர் தேறினார். இரண்டும் கல்லூரி வருகையைக் கேளாமல் அறிவை மட்டும் கேட்ட தேர்வுகள். அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார்.

மகிபாலன்பட்டியும் மேலைச்சிவபுரியும்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விபுலாநந்தருக்குப் பின் பேராசிரியராக வந்தவர்களுள் ஒருவர் மு. கதிரேசனார். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூரை அடுத்த மகிபாலன்பட்டியில் 1881இல் பிறந்த இவர், திண்ணைப் பள்ளியில் பயின்றது சில மாதங்களே. சிறுவயதிலேயே வணிகத்தின் பொருட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டார். தந்தையின் மறைவால் ஊர் திரும்பினார். காலில் நோயால் ஏற்பட்ட ஊனம் அவரை வீட்டோடு நிறுத்தியது, அவ்வீடே கல்விக்கூடமாயிற்று. தமிழ் இலக்கியங்களைத் தாமே கற்றார். வடமொழியைத் தக்க ஆசிரியரிடம் முறையாகப் பயின்றார். 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபையை நிறுவுவதில் முன்னின்றார். வடமொழி மிருச்சகடிகத்தை 'மண்ணியல் சிறுதேர்' எனவும், கௌடிலியரின் அர்த்தசாத்திரப் பகுதியைத் தமிழிலும் பெயர்த்தார். 1934இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். நுழைவுச் சான்று எதுவுமில்லாத ஒருவர் பட்ட வகுப்புக்குப் பாடம் நடத்தினார். எழுதிய நூல்களும் கட்டிய நிறுவனமும் அவர்தம் தகுதிச் சான்றுகளாயின.

அவருடைய மாணவர் வ.சுப. மாணிக்கம் (1917–1989) மேலைச்சிவபுரியினர். இளமையில் பெற்றோரை இழந்த அவர், பதினோராம் அகவையளவில் பர்மாவுக்குச் சென்று வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தார். பொய் சொல்ல மறுத்ததால் அவ்வேலையை விட்டு ஊர் திரும்பினார் என்பது அறிஞர் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. பின்னர் கதிரேசனாரிடம் தமிழ் கற்றார். வித்துவான் தேர்வில் தொடங்கிப் பி.ஓ.எல்., எம்.ஓ.எல்., முனைவர் பட்டம் எனப் படிப்படியாக உயர்ந்தார். காரைக்குடி அழகப்பர் கல்லூரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார்.

ஆசிரியரும் மாணவரும் ஒரே ஊர்ச்சூழலில் வளர்ந்தவர். இருவரும் பள்ளியை இழந்தவர், கடல் கடந்த வணிகத்தைத் தொட்டுத் திரும்பியவர். ஆனால் அவர்களைப் பல்கலைக்கழகம் ஏற்ற வழிகள் வேறு. கதிரேசனாரைப் பல்கலைக்கழகம் பணியளித்து ஏற்றது. மாணிக்கனாரைத் தேர்வால் தகுதியளித்து ஏற்றது. முன்னது அவரோடு முடிந்தது. பின்னது எத்திசையிலிருந்தும் ஏறக்கூடிய படிக்கட்டாக நின்றது.

ஏற்கப்படாத பட்டறிவு

இவ்வரலாற்றில் ஒரு வெற்றிடமும் உள்ளது. நகரத்தார் வணிக நிலையங்களில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் எனத் தெளிவான பயிற்சிப் படிகள் இருந்தன. சிறுவனாகச் சேர்ந்தவன் சிட்டை எழுதவும், வட்டி கணக்கிடவும், ஐந்தொகை கட்டவும் ஆண்டுக்கணக்கில் பழகினான். பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளின் கடன் சந்தையையே இயக்கிய அறிவு அது. அவ்வணிகத்தில் ஈட்டிய செல்வம் சிதம்பரத்தில் 1929இல் பல்கலைக்கழகமாயிற்று, காரைக்குடியில் 1947இல் அழகப்பர் கல்லூரியாயிற்று. எனினும், செல்வத்தை ஏற்ற உயர்கல்வி அச்செல்வத்தை ஈட்டிய கணக்கறிவுக்கு வித்துவான் தேர்வு போன்றதொரு படிக்கட்டை அமைக்கவில்லை.

காரணம் வெளிப்படை. தமிழ்ப் புலமையை மதிப்பிடக் கல்விக் கழகத்திற்குள்ளேயே புலவர் இருந்தனர், பாடத்திட்டமும் இருந்தது. நகரத்தார் கணக்கு முறையை மதிப்பிட வல்லார் கடையிலேயே இருந்தனர். பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்தை ஒத்த அறிவை மட்டுமே முன்கற்றலாகக் கண்டது.

சிற்பக் கலையில் இவ்வெற்றிடம் ஓரளவு நிரம்பியது. காரைக்குடிக்கு அருகிலுள்ள பிள்ளையார்பட்டித் தபதி மரபைச் சேர்ந்த வைத்தியநாத தபதி, 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பட்ட அரசு சிற்பப் பயிற்சி நிறுவனத்தின் தலைமையேற்றார். அவருக்குப் பின் அவர் மகன் வை. கணபதி தபதி நீண்டகாலம் அதனை நடத்தினார். கணபதி தபதி அழகப்பர் கல்லூரியில் கணிதம் பயின்ற பட்டதாரியும் ஆவார். பட்டறையில் இருந்த அறிவு இங்குப் பாடத்திட்டமாகவே மாறியது. ஆயினும் இது அடுத்த தலைமுறைக்குப் பயன்பட்ட தீர்வு. பட்டறையில் ஏற்கெனவே நாற்பதாண்டு உளி பிடித்தவர் தம் அறிவுக்குப் பட்டத்தகுதி பெற அது வழி சொல்லவில்லை.

நுழைவுரிமையும் 2009ஆம் ஆண்டுத் திருப்பமும்

1980களில் திறந்தநிலைக் கல்வி பரவியது. 1982இல் ஆந்திரத்திலும், 1985இல் நடுவண் அரசின் சார்பில் இந்திராகாந்தி தேசிய அளவிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. பல்கலைக்கழக மானியக்குழுவின் 1985ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக்கல்வி இல்லாதவரும் 21 வயது நிறைந்து நுழைவுத் தேர்வில் தேறினால் தொலைநிலை இளநிலைப் பட்டத்தில் சேரலாம் என்றது. தமிழகப் பல்கலைக்கழகங்கள் சிலவும் திறந்தநிலை முறையில் பட்டம் வழங்கின. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பள்ளியை விட்டுப் பிழைப்புத் தேடிச் சென்ற பல்லாயிரவருக்கு இது இரண்டாம் வாய்ப்பாயிற்று.

ஆனால் இங்கு ஏற்கப்பட்டது யாது? வித்துவான் தேர்வு, ஒருவர் கற்றதை மதிப்பிட்டது. திறந்தநிலை நுழைவோ, கல்லாத பள்ளியாண்டுகளை மன்னித்தது. நுழைந்தவர் தம் தொழிலில் எதை அறிந்திருந்தாலும் எல்லாத் தாள்களையும் முதலிலிருந்தே எழுத வேண்டும். முன்கற்றலுக்குத் தரப்புள்ளி ஒன்றும் இல்லை. சில இடங்களில் இளநிலைப் பட்டமே இல்லாதவர் நேரடியாக முதுநிலையில் சேர்க்கப்பட்டனர். அவர் இளநிலைக்குரிய அறிவு உடையவரா என்பதை நுணுகி மதிப்பிடும் ஏற்பாடு அதனோடு வளரவில்லை.

அவ்வலுவின்மை நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2009 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், மானியக்குழுவின் ஒழுங்குமுறைகள் திறந்தநிலைக் கல்வியையும் கட்டுப்படுத்தும் என்றும், அடிப்படைப் பட்டமின்றிப் பெற்ற முதுநிலைப் பட்டம் அவ்விதிகளுக்கு இணங்காது என்றும் உறுதி செய்தது. தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2009 ஆகஸ்ட் 18 நாளிட்ட 107ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் மேல்நிலைத் தேர்வும் முடித்தபின் பெற்ற திறந்தநிலைப் பட்டங்களே அரசுப் பணி நியமனத்திற்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்பது அதன் சாரம்.

இதன் விளைவு கடுமையானது. பட்டம் கையில் இருந்தும் படிவரிசை பிறழ்ந்தமையால் பணி, பதவி உயர்வு ஆகியவற்றில் தகுதியற்றவராகக் கருதப்பட்டோர் உயர்நீதிமன்றத்தை நாடினர். பட்டம் பெற்ற பின்னர்த் தனித் தேர்வராகப் பள்ளித் தேர்வுகளில் தேறியோரின் நிலையும் வழக்குக்குரியதாயிற்று. பல்கலைக்கழகம் அழைத்துச் சேர்த்துக்கொண்டது, அரசு பின்னர் ஏற்க மறுத்தது. இடையில் நின்றவர் இழந்தது வாழ்வின் பல ஆண்டுகளை. ஏற்பு என்பது வழங்குபவரின் தாராளத்தைவிட, பிறரும் மறுக்கவியலாத மதிப்பீட்டையே சார்ந்துள்ளது என்பதற்கு இது கசப்பான சான்று.

புதிய சட்டகமும் பழைய வினாவும்

2021இல் தரப்புள்ளி வங்கிக்கான ஒழுங்குமுறையும், 2023இல் தேசியத் தரப்புள்ளிச் சட்டகமும் வெளிவந்தன. ஓராண்டுக் கற்றலை 1200 மணி நேரமாகவும் 40 தரப்புள்ளிகளாகவும் இச்சட்டகம் கணக்கிடுகிறது. அதாவது 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு புள்ளி. தொழிற்பட்டறிவையும் உரிய மதிப்பீட்டிற்குப் பின் புள்ளியாக்கலாம் என்பது இதன் புதுமை. 2022இல் மானியக்குழு கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் திட்டம், குறைந்தது 15 ஆண்டுப் பட்டறிவுடைய வல்லுநரை முறையான பட்டத்தகுதியை வற்புறுத்தாமல் அமர்த்த இடம் தருகிறது. கதிரேசனாரின் நியமனம் 1934இல் விலக்காக இருந்தது. இன்று அது விதியின் ஒரு கூறாகியுள்ளது.

எனினும் மணி நேரத்தை எண்ணுவது எளிது, மதிப்பிடுவோரைக் கண்டறிவதே கடினம். காளையார்கோவில் வட்டாரத்தில் பண்ணிசை தேர்ந்த ஓதுவார் ஒருவர் இசைப் பட்டப்படிப்பில் தரப்புள்ளி கோருவதாகக் கொள்வோம். அவர் பாடிய ஆண்டுகளை எண்ணிப் புள்ளி தந்தால், அது வருகைப் பதிவேட்டின் மறுவடிவமே. பண்ணும் பாடமும் அறிந்தோர் அவர் பாடக் கேட்டு, எப்பகுதிக்கு அவர் அறிவு ஈடாகும், எப்பகுதியை அவர் புதிதாகக் கற்க வேண்டும் என வகுத்துச் சொன்னால் மட்டுமே அது முன்கற்றல் ஏற்பு. அப்போது அவர் அறிந்ததை மீண்டும் கற்க வேண்டியதில்லை, அறியாததைக் கற்காமல் தப்பவும் இயலாது. கட்டட வேலை, கணக்கு, நெசவு, மருத்துவத் தாவர அறிவு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளை இணைப்பில் கொண்ட அழகப்பா பல்கலைக்கழகம் போன்ற வட்டாரப் பல்கலைக்கழகங்களுக்கு இதில் தனி வாய்ப்பு உண்டு. மதிப்பிடப்பட வேண்டிய அறிவும், மதிப்பிட வல்ல மூத்தோரும் அவற்றின் எல்லைக்குள்ளேயே உள்ளனர்.

முடிவுரை

தமிழக உயர்கல்வி முன்கற்றலை மூன்று வகையில் ஏற்றுள்ளது. பணியளித்தல், உ.வே.சா., கதிரேசனார் போன்ற பேரறிஞரைப் பல்கலைக்கழகத்திற்குக் கொணர்ந்தது. ஆனால் அது அருகிய விலக்காகவே நின்றது. நுழைவுரிமையளித்தல் பலருக்குக் கதவைத் திறந்தது. ஆனால் கற்றதை மதிப்பிடாமல் கல்லாததை மட்டும் பொறுத்துக்கொண்டமையால் 2009இல் அதன் வலுவின்மை வெளிப்பட்டது. தேர்வு வழித் தகுதியளித்தலோ, எழுத்தரையும் பெட்டியடிப் பையனையும் துணைவேந்தராக்கியது. அவர்கள் பெற்ற பட்டத்தின் மதிப்பை எவரும் ஐயுறவில்லை. அத்துறை வல்லாரே அத்தேர்வை நடத்தினர் என்பதும், தேறியவர் அடுத்த படிக்குச் செல்ல வழி இருந்தது என்பதும் அதன் காரணங்களாகும்.

அவ்வழி மொழிப் புலமைக்கு மட்டுமே திறந்திருந்தது என்பது அதன் குறை. கணக்கும் உளியும் பண்ணும் அதற்கு வெளியே நின்றன. இன்றைய சட்டகம் அக்குறையை நீக்கும் வாய்ப்பைத் தருகிறது. அவ்வாய்ப்பு கைகூட வேண்டுமாயின், தரப்புள்ளிப் பட்டியலை வகுப்பதற்கு முன் ஒவ்வொரு துறைக்கும் மதிப்பீட்டாளர் அவையைப் பல்கலைக்கழகங்கள் அமைத்தல் வேண்டும். அவ்வாறு வழங்கும் தகுதி அரசுப் பணிக்கும் செல்லும் என்பதை மாணவர் சேரும் முன்னரே அரசு உறுதி செய்தல் வேண்டும்.